கூவம் நிஜமாகவே ஆறுதானா? திருவையாற்றுத் தம்பிக்கு ஒரு பதில்

எங்கள் மாடிப் போர்ஷனுக்குப் போன ஜூன் மாதம் ஒரு தம்பி குடிவந்தார். சொந்த ஊர் திருவையாறு. ஆடிப்பெருக்கு அன்று காலையில் அவருடைய அம்மா வீடியோ காலில் காவிரிப் படித்துறையைக் காட்டியிருக்கிறார். மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி, தேங்காய்ச் சாதம், புளிச்சாதம் எல்லாம் பார்த்த ஏக்கத்தோடு சாயங்காலம் மொட்டை மாடிக்குத் துணி எடுக்க வந்தவர், சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் இருக்கும் பக்கமாகக் கையைக் காட்டிக் கேட்டார்: "ஏன் சார், உங்க ஊர்லயும் ஒண்ணு ஓடுதே, அதுக்கு இந்த மாதிரி எதுவும் கிடையாதா? மொதல்ல அது நிஜமாவே ஆறுதானா, இல்ல சாக்கடைக்குன்னு வெட்டுன கால்வாயா?"

நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன். நான் ஏரி, மதகு, கலங்கல் என்று முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன், கூவம் வளைந்து போகிற சிந்தாதிரிப்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறுதான் தம்பி. யாரும் வெட்டியதில்லை. ஆனால் காவிரியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் கூவம் உங்கள் கண்ணுக்கு ஆறாகவே படாது. காவிரி மலையில் பிறந்து, மலை மழையைச் சுமந்துகொண்டு வருகிறது. கூவத்துக்கு மலை கிடையாது. அது ஏரியில் பிறந்த ஆறு. தொண்டை மண்டலம் முழுக்க இந்தக் கணக்குதான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையை ஏரியில் பிடிப்பார்கள். ஏரி நிரம்பினால் கலங்கல், அதாவது மிச்சத் தண்ணீர் வெளியேறக் கட்டிய சுவர், வழியும், அந்தத் தண்ணீர் கீழ் ஏரிக்குப் போகும், அதுவும் நிரம்பினால் அடுத்ததற்கு. எல்லாம் நிரம்பி மிச்சப்படுகிற தண்ணீர் போக ஒரு வழி வேண்டும் அல்லவா? அந்த வழிதான் கூவம். 75 ஏரிகளின் உபரி அதில் வந்து சேர்வதாகக் கணக்குச் சொல்வார்கள். உங்கள் ஊரில் ஆறு ஏரிக்கும் வயலுக்கும் தண்ணீர் கொடுக்கும். எங்கள் பக்கம் ஏரிகள்தான் ஆற்றுக்குக் கொடுக்கும். இந்த ஒன்று புரிந்துவிட்டால் கூவத்தின் மற்ற கதையெல்லாம் தானாகவே புரிந்துவிடும்.

மொத்த நீளம் சுமார் 72 கி.மீ. அதில் 40 கி.மீ. கிராமம், 32 கி.மீ. நகரமும் நகரத்தை ஒட்டிய பகுதியும். தக்கோலத்துக்குப் பக்கத்தில் கேசவரம் என்ற ஊரில் கொசஸ்தலையாற்றின் குறுக்கே ஓர் அணைக்கட்டு இருக்கிறது. அங்கே தண்ணீர் இரண்டாகப் பிரியும். கொசஸ்தலை ஒரு பக்கம் பூண்டி ஏரிக்குப் போக, இன்னொரு கிளை கூவமாக இறங்குகிறது. அங்கிருந்து கிட்டத்தட்ட 8 கி.மீ. தள்ளி சத்தரை என்ற கிராமத்தில் கூவம் ஏரியின் உபரி நீர் வந்து சேர்கிறது. ஆறு உண்மையில் தொடங்குவது இங்கேதான் என்பது எங்கள் துறைக்காரர்களின் வழக்கம். அப்புறம் மணவாள நகர், அரண்வாயல், திருவேற்காடு, மதுரவாயல், கோயம்பேடு, அரும்பாக்கம், அமைந்தகரை, சேத்துப்பட்டு, எழும்பூர், புதுப்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை என்று வந்து, நேப்பியர் பாலத்துக்குக் கீழே கடலைத் தொடுகிறது. வடக்கே கொசஸ்தலை, தெற்கே அடையாறு, நடுவில் கூவம். சென்னைக்கு மூன்று ஆறு. பேர் கெட்டுப்போனது நடுவில் இருக்கிறவருக்கு மட்டும்.

பேர் என்றதும் ஞாபகம் வருகிறது. 'கூவம்' என்றாலே மூக்கைப் பிடிக்கிறோம், ஆனால் அது ஓர் ஊரின் பெயர். ஊரின் பெயர் ஆற்றுக்கு வந்தது. 'கூவல்' என்றால் தமிழில் கிணறு, சங்கப் பாட்டிலேயே இருக்கிற சொல். வடமொழியில் 'கூபம்' என்றாலும் கிணறுதான். கோயிலில் வேறு கதை சொல்வார்கள். சிவன் முப்புரம் எரிக்கத் தேரேறிப் புறப்பட்டபோது தேரின் 'கூவரம்', அதாவது ஏர்க்கால், முறிந்து விழுந்த இடம் இது, அதனால் கூவம். கிணறா ஏர்க்காலா என்று என்னைக் கேட்டால் கிணற்றின் பக்கம்தான் கையைத் தூக்குவேன். ஆனால் ஏர்க்கால் கதை கேட்க நன்றாக இருக்கிறது.

அந்தக் கோயிலைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தேவாரத்தில் ஊர்ப் பெயர் திருவிற்கோலம். சுவாமி திரிபுராந்தகர், அம்மன் திரிபுராந்தகி. சம்பந்தர் வந்து பதிகம் பாடியிருக்கிறார். மூலவர் தீண்டாத் திருமேனி. பூசை செய்கிற குருக்களே லிங்கத்தைக் கையால் தொடமாட்டார். லிங்கம் வெளுத்துத் தெரிந்தால் மழை கொட்டும், சிவந்து தெரிந்தால் போர் வரும் என்பது நம்பிக்கை. கோயில் குளத்தில் தவளை தங்காது என்றும் சொல்வார்கள். நான் போயிருந்த ஒரு மார்கழிக் காலையில் படிக்கட்டில் உட்கார்ந்து கால் மணி நேரம் பார்த்தேன், தவளைச் சத்தம் ஏதும் கேட்கவில்லை. சரி, காலை வேளையில் எந்தக் குளத்தில்தான் தவளை கத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குளத்தை விடுங்கள், அன்று நான் பார்த்த ஏரிதான் என் மனத்தில் நிற்கிறது. அந்த வருடம் நல்ல மழை. கலங்கல் மேல் ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் கண்ணாடி மாதிரி வழுக்கிக்கொண்டு விழுந்தது. கீழே இரண்டு பையன்கள் கொசுவலைத் துணியை விரித்துக் கெண்டைக் குஞ்சு பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஓர் அம்மா கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து ஒரு கை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டேன். ஏரித் தண்ணீருக்கே உரிய அந்தப் பாசி வாசனை, வேறொன்றும் இல்லை. "எங்கேருந்து வர்றீங்க?" என்று அந்த அம்மா கேட்டார். சிந்தாதிரிப்பேட்டை, இதே ஆற்றங்கரைதான் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அங்க வர்றதும் இதுதானா?" என்றார்.

அங்கே வருவது இதுதானா? பெரும்பாலும் இல்லை, தம்பி. விஷயமே இதுதான்.

கூவத்தின் தண்ணீரை நகரம் பாதி வழியிலேயே எடுத்துக்கொள்கிறது. ஜமீன் கொரட்டூர் என்று ஓர் ஊர், அம்பத்தூர்ப் பக்கத்துக் கொரட்டூர் இல்லை, இது வேறு. அங்கே கூவத்தின் குறுக்கே ஓர் அணைக்கட்டு இருக்கிறது. மழைக்காலத்தில் வருகிற தண்ணீரை அது பங்காருக் கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்பிவிடும். செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியும், நம் வீட்டுக் குழாய்க்கு. கூவம் என்று கேட்டு முகம் சுளிக்கிறவர்களில் பாதிப் பேர் அதைக் குடித்து வளர்ந்தவர்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. செம்பரம்பாக்கம் நிரம்பி வழிந்தால் அந்த உபரி போய்ச் சேர்வது அடையாற்றில். ஆக, கூவத்தில் வந்த மழைத்தண்ணீர் அடையாறு வழியாகக் கடலுக்குப் போகிற நாட்களும் இருக்கின்றன. ஊற்றுப் பக்கம் அணைகட்டி, ஏரியில் பிடித்து, வயலுக்கு விட்டு, ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சி எல்லாம் எடுத்த பிறகு, பெருமழை நாட்கள் நீங்கலாக, மதுரவாயலைத் தாண்டி ஆற்றில் ஆற்றின் தண்ணீர் அநேகமாக இருப்பதில்லை. ஆறு பருவகால ஆறு. நகரத்தின் கழிவுநீர்தான் வற்றாத ஜீவநதி. நாம் பார்ப்பது அதை.

கிராமப் பக்கத்துக் கூவத்துக்கு இன்னும் பெருமைகள் உண்டு. கேசவரத்துக்குப் பக்கத்துத் தக்கோலத்தில் 949ஆம் ஆண்டு சோழர்களுக்கும் ராஷ்டிரகூடர்களுக்கும் நடந்த போரில், பராந்தக சோழனின் மூத்த மகன் இராசாதித்தன் யானை மேலிருந்தபடியே இறந்துபோனான். 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்று கல்வெட்டுச் சொல்வது அவனைத்தான். சோழர்கள் வடக்கே தலைகாட்ட அதற்கப்புறம் ரொம்ப வருடம் ஆயிற்று. அந்தப் போர்க்களத்துக்குப் பக்கத்தில்தான் கூவம் பிரிந்து வருகிறது.

திருவேற்காட்டுக்கு நீங்களே போயிருப்பீர்கள், கருமாரியம்மனுக்கு. ஆடி மாதத்தில் அங்கே நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் ஆடிப்பெருக்கு ஞாபகம் வரும், கூழும் வேப்பிலையுமாக. ஆனால் பழைய கோயில் வேதபுரீசுவரர் கோயில். வெள்வேல மரக்காடு, அதனால் வேற்காடு. நான்கு வேதங்களும் வேல மரங்களாக வந்து நின்றன என்பது தல புராணம். சம்பந்தர் இங்கேயும் பாடியிருக்கிறார். இந்த ஊர்க்காரர் ஒருவர் அறுபத்துமூவரில் இருக்கிறார், மூர்க்க நாயனார். உங்களுக்கு இவரைப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அடியார்களுக்குச் சோறு போட்டே சொத்தெல்லாம் தீர்ந்துபோக, சூதாடிச் சம்பாதித்துச் சோறு போட்டவர். உள்ளூரில் எதிரே உட்கார ஆள் கிடைக்காமல் போனதும் எங்கே போனார் தெரியுமா? உங்கள் பக்கம், கும்பகோணத்துக்கு. முதல் ஆட்டத்தில் தோற்பாராம், அடுத்தடுத்த ஆட்டங்களில் மொத்தமாக வாரிவிடுவாராம், தர மறுத்தால் சுரிகையை, அதாவது குத்துவாளை, உருவுவாராம். கூவக்கரைக்காரன் காவிரிக்கரையில் காட்டிய கைவரிசை என்று இதை நான் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

கோயம்பேட்டுக் குறுங்காலீசுவரர் கோயிலுக்கு லவ குசர் கதை இருக்கிறது. நாம் காய்கறி வாங்கப் போகிறோம், கோயிலைப் பார்ப்பதில்லை.

நகரத்துக்குள் வந்தால் கூவத்துக்கு வெள்ளைக்காரன் வைத்திருந்த பெயர் திருவல்லிக்கேணி ஆறு. எங்கள் பேட்டை அந்த ஆற்றை நம்பி உண்டானது. 1734இல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் கம்பெனிக்குத் துணி வேண்டும் என்று நெசவாளர்களைக் குடியேற்ற இடம் தேடினார். சுங்குராமச் செட்டியின் தோட்டம் அகப்பட்டது. மூன்று பக்கம் ஆறு வளைத்துக்கொண்டு ஓடுகிற இடம். நூற்கிறவர், நெய்கிறவர், சாயம் எழுதுகிறவர், துணி வெளுக்கிறவர் என்று கொண்டுவந்து வைத்தார்கள். வெளுக்கிறவருக்கு ஓடுகிற தண்ணீர் இல்லாமல் முடியுமா? சின்னத் தறிப்பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று. எதிர்க்கரையில் புதுப்பேட்டை, பழைய பெயர் கோமளீசுவரன்பேட்டை. 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியார் அந்தப் பேட்டைக்காரர். காலையில் கூவத்தில் குளித்துவிட்டுக் கோமளீசுவரரைக் கும்பிட்டு வேலைக்குப் போவார் என்பார்கள். என் தாத்தா இதைச் சொல்லும்போது, நாங்கள் பசங்க எல்லாம் 'குளிச்சிட்டு' என்கிற இடத்தில் சிரிப்போம்.

கல்லூரிச் சாலையில் கல்வித் துறை வளாகம் இருக்கிறதே, பழைய டிபிஐ, அதன் பின்பக்கமும் இதே கூவம்தான். 1812இல் தொடங்கிய கோட்டைக் கல்லூரி பிற்பாடு அந்த இடத்தில்தான் நடந்தது. வெள்ளைக்கார அதிகாரிகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த இடம். நம் பழைய நூல்கள் சில முதல் முதலாக அச்சுக்குப் போனதில் அங்கே வேலை பார்த்த புலவர்களுக்குப் பங்கு உண்டு. கண்காட்சி பார்க்கத் தீவுத்திடலுக்குப் போயிருப்பீர்கள். எதனால் தீவு என்று யோசித்தீர்களா? கூவத்துக்கும் வடக்கே எழும்பூர் ஆறு என்று அப்போது சொல்லப்பட்டதற்கும் நடுவில் அகப்பட்ட நிலம் அது. இரண்டாவது ஆற்றின் பெயர் மறந்துபோய்விட்டது, தீவு என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இப்போது உங்கள் மூக்கு கேட்கிற கேள்விக்கு வருகிறேன். அடையாற்றிலும் சாக்கடை கலக்கிறது, கூவம் மட்டும் ஏன் இப்படி? பாதி பதில் கடலில் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் வருடத்தில் பெரும்பகுதி அலை தெற்கிலிருந்து வடக்காக மணலைத் தள்ளிக்கொண்டே போகும். 1870களில் துறைமுகம் கட்டக் கடலுக்குள் சுவர் நீட்டினார்கள். 1881 புயல் அதை உடைத்தது, மறுபடி கட்டினார்கள். வடக்கே போக வழியில்லாத மணல் சுவருக்குத் தெற்கே சேர ஆரம்பித்தது. அப்படிச் சேர்ந்து அகன்றதுதான் மெரினா. நாம் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்கிற மணல் அது. வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் மணல் வராமல் கடல் ஊரைத் தின்றது. கூவத்தின் முகத்துவாரம் எங்கே இருக்கிறது? துறைமுகச் சுவருக்குச் சற்றே தெற்கே, மணல் வந்து குவிகிற அதே இடத்தில். வேகமாக ஓடுகிற ஆறாக இருந்தால் மணலை உடைத்துக்கொண்டு போய்விடும். கூவத்துக்குத்தான் தண்ணீர் மேலேயே போய்விட்டதே. சரிவும் இல்லை, சென்னை தட்டையான ஊர். இங்கே ஓதமும், அதாவது கடல்மட்டமும், சுமார் ஒரு மீட்டர்தான் ஏறி இறங்கும். வாய் அடைத்துக்கொண்டால் கடலும் உள்ளே வந்து கழுவாது.

அப்புறம் என்ன, தேக்கம்தான். கழிவைத் தின்கிற நுண்ணுயிர்கள் தண்ணீரில் இருக்கிற பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. அது தீர்ந்ததும், காற்று இல்லாமலே வாழ்கிற வேறு வகை நுண்ணுயிர்கள் கடல்நீரோடு வந்த சல்பேட்டைப் பிடித்துக்கொள்கின்றன. அவை விடுகிற ஹைட்ரஜன் சல்பைடுதான் அழுகிய முட்டை நாற்றம். அதே சல்பைடு இரும்போடு சேர்ந்தால் கருப்பு. கூவத்தின் நிறமும் மணமும் ஒரே சமையலில் வந்தவை. மழைக்கு முன்னால் நேப்பியர் பாலத்தில் நின்று பாருங்கள். கீழே பொக்லைன் மணல்திட்டை வாரி வாரி ஒதுக்கிக்கொண்டிருக்கும். வழி விட்டதும் ஒரு முழ அகலத்துக்குக் கருப்புத் தண்ணீர் இறங்கும், கடல் நீலத்தோடு கலக்காமல் கொஞ்ச தூரம் கோடு போட்ட மாதிரி போகும். அடுத்த மாதமே வாய் மறுபடி மூடியிருக்கும். 1869இல் முதலில் கட்டப்பட்டது அந்தப் பாலம். 2022இல் செஸ் ஒலிம்பியாடுக்காகச் சதுரங்கக் கட்டம் தீட்டினார்களே, அதுதான். எல்லோரும் பாலத்தைப் படம் எடுத்தார்கள், கீழே யாரும் கேமராவைத் திருப்பவில்லை.

யாருமே முயலவில்லை என்று சொன்னால் பாவம் வரும். 1960களின் கடைசியில், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது கூவத்தைச் சீராக்கும் வேலை ஆரம்பித்தது. கரை கட்டினார்கள், படகுத்துறை கட்டினார்கள், அவற்றுக்கு வள்ளல்களின் பெயர் வைத்தார்கள். 1970களில் படகும் ஓடியது. டவுசர் போட்ட வயதில் நான் கரையில் நின்று பார்த்த ஞாபகம் இருக்கிறது. ஏறினேனா என்பதில் எனக்கும் என் அண்ணனுக்கும் இன்னும் தகராறு. கொஞ்ச நாளில் நின்றுபோனது, துறைகள் பாழடைந்தன. பிறகு வந்த திட்டங்களில் பெரியது, 600 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டு 2015 வாக்கில் தொடங்கிய சீரமைப்பு. அதில் முதலில் நடந்தது கரையோரக் குடிசைகளை எடுத்தது. இங்கேயே மூன்று தலைமுறையாக இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மாவும் போனார். காலை ஆறு மணிக்கு வந்துகொண்டிருந்தவர் இரண்டு பஸ் மாறி ஒன்பதுக்கு வந்தார், பிறகு வருவதை நிறுத்திவிட்டார். கூவத்தில் கலக்கிற சாக்கடையில் குடிசைகளின் பங்கு சொற்பம். மாடி வீடுகளிலிருந்து மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாக இணைத்த குழாய்களை அவ்வளவு சுறுசுறுப்பாக யாரும் எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

மதுரவாயல்–துறைமுகம் பறக்கும் சாலை ஒன்று உண்டு. 2009இல் அடிக்கல், 2012இல் நிறுத்தம், 2022இல் மறுபடி அடிக்கல். ஆற்றுக்குள் நட்ட தூண்கள் நடுவில் பத்து வருடம் தலையில் கம்பி நீட்டிக்கொண்டு சும்மா நின்றன. நீர்க்காகங்கள் அதில் உட்கார்ந்து சிறகு காய வைக்கும். உருப்படியாக நடந்தது என்று கேட்டால் நான் கோயம்பேட்டைச் சொல்வேன். அங்கே கழிவுநீரைச் சுத்திகரித்து, மறுபடி வடிகட்டி, தினம் நாலரைக் கோடி லிட்டர் வரை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிற நிலையம் 2019இல் வந்தது. அவ்வளவு சாக்கடையும் ஆற்றுக்கு வராமல் நிற்கிறது. அவ்வளவு நல்ல தண்ணீரும் ஏரியில் மிச்சம்.

ஆடிப்பெருக்குக்கு இங்கே என்ன உண்டு என்று கேட்டீர்கள். ஆடியில் கூவத்தில் பெருகுவதற்கு ஒன்றும் இல்லை தம்பி, எங்கள் மழை ஐப்பசியில்தான் வரும். கார்த்திகை கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி வையுங்கள், உங்கள் பைக்கிலேயே போகலாம். பூந்தமல்லி தாண்டித் தண்டலம் வழியாகப் பேரம்பாக்கம், அங்கிருந்து கூவம் பக்கம்தான். மதியம் நடை சாத்துவதற்குள் போய்ச் சேர வேண்டும், அதனால் ஆறு மணிக்கே கிளம்பணும். வழியில் மப்பேட்டில் சிங்கீசுவரர் கோயிலையும் பார்த்துவிடலாம். அம்மாவையும் ஊரிலிருந்து வரச் சொல்லுங்கள், அவருக்கு பஸ் இருக்கிறது. மாற்றுத் துணி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், கலங்கல் வழிந்தால் கட்டாயம் இறங்குவீர்கள்.